நிறுத்திப் பார்த்தவர்

எதைப் பார்த்தாலும், அது இல்லாமல் அந்த இடம் எப்படி இருக்கும் என்றுதான் அவர் முதலில் பார்ப்பார். என் கடைக்கு முன்னால் வந்து நின்ற முதல் நாளே, முன்கூரையைத் தாங்கிய கம்புகளை ஒவ்வொன்றாக நோட்டம் விட்டார். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. இந்த மனுஷன் இதில் எந்தக் கம்பைப் பிடுங்கலாம் என்று பார்க்கிறார் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். 

போடிமெட்டுக்குத் தெற்கே, ஏலக்காட்டுக்கு நடுவில், மலையைத் தாண்டும் வழியில் இருந்த ஒரு சின்ன மெட்டு அது. பெயர் வேண்டாம்; இன்னும் அங்கே பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மேலே திருவிதாங்கூர் ராஜ்யம், கீழே வெள்ளைக்காரன் சீமை, நடுவில் ஒரு மூங்கில் தடுப்பு. தடுப்பை ஒட்டிச் சர்க்காரின் சுங்கச் சாவடி. மேலிருந்து ஏலக்காயோ கீழிருந்து புகையிலையோ தீர்வை கட்டாமல் தாண்டக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள மூன்று காவல்காரர்கள். அவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர். சாவடிக்கு எதிரே நான் சுக்குக்காப்பியும் அவித்த கப்பைக்கிழங்கும் விற்றேன். சாவடிக்குப் பின்னால் சர்க்கார் கொடுத்த குடிசையில் இருந்தோம். வேலை போனால் குடிசையும் போகும், குடிசை போனால் கடையும் போகும். இது எனக்கு எப்போதும் தெரியும்.

எல்லாப் பொருளும் விலை படுத்துக் கிடந்த வருஷங்கள் அவை. ஏலக்காயைச் சுமந்து வந்தவர்கள் சுமைகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று மூட்டையின் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். சர்க்காருக்குத் தீர்வை வரவு குறைந்தது. செலவு மட்டும் இருந்தபடியே இருந்தது. திருவனந்தபுரத்தில் பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, மலைச் சாவடிகளிலும் சுற்றியுள்ள சர்க்கார் வேலைகளிலும் வீண்செலவு எங்கே என்று பார்த்து வெட்டுவதற்கு ஒருவரை அனுப்பினார்கள். அப்படி வந்தவர்தான் இவர். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் வந்த சில நாளிலேயே மெட்டு முழுக்க அவருக்கு ‘நிறுத்தய்யா’ என்று பெயர் வைத்துவிட்டது.

பாலக்காட்டுக்காரர். ஒல்லி உடம்பு, அக்கிரகாரத் தமிழ், மேலே மலையாள வாடை. சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் கிடையாது. ஒன்று அறுந்தபோது தைக்காமல் விட்டுப் பார்த்தாராம். ஒன்றும் ஆகவில்லையாம். அதனால் மற்றொன்றை அவரே அறுத்து எடுத்துவிட்டாராம். இதை அவர் சிரிக்காமல் சொன்னார். கேட்டவர்களுக்கும் சிரிப்பு வரவில்லை. பொத்தானுக்கு இந்தக் கதி என்றால் நமக்கு என்ன கதி என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆசாரத்துக்காக என் கடையில் அவர் எதுவும் வாங்கிக் குடிக்க மாட்டார். ஆனால் கடைக்கு வெளியே ஒரு கல் கிடந்தது. சாயங்காலமானால் அதில் வந்து உட்காருவார். ஒரு நாள் போடி வியாபாரி ஒருவர், ஏலக்காய் வாங்கி இறக்குகிறவர், அவரைக் கிண்டிவிட்டார்.

"ஐயா, ராசாவுக்குத் துட்டுப் பத்தலைன்னு எங்க தலையில தீர்வையக் கூட்டிப்புடாதீக. நாங்களே செத்துக்கிட்டு இருக்கோம்."

"மூணு வழிதான் இருக்கு, கேட்டேளா," என்றார் அவர். "வரவைக் கூட்டலாம். கடன் வாங்கலாம். செலவைக் குறைக்கலாம். வரவைக் கூட்டினா நீங்க திட்டுவேள். கடன் வாங்கினா உங்க பேரன் திட்டுவான். செலவைக் குறைச்சா மாத்திரம், யாரு திட்டறான்னு பாத்துண்டே குறைக்கலாம்."

"எதக் குறைக்கிறதுன்னு எப்புடிங்கய்யா தெரியும்?"

"நேக்கு எப்படித் தெரியும்? கச்சேரில, எங்க ஆபீஸ்ல, போய்க் கேட்டா எல்லாமே வேணும்பா. வேண்டாதது எதுன்னு எவனாவது சொல்லுவானோ? அதனாலதான் நிறுத்திப் பாக்கறது. வேணுங்கறதா இருந்தா சத்தம் வரும். வரலேன்னா அது வேண்டாததாக்கும்."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததனாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது. நம்மைப் போன்ற ஜனங்களிடம் சர்க்கார் ஆள் ஒருவர் நியாயம் பேசுகிறார் என்றால், பின்னால் எதற்கோ அடி போடுகிறார் என்றுதான் அர்த்தம்.

முதலில் மணியை நிறுத்தினார். சாவடி வாசலில் ஒரு வெண்கலத் தட்டு தொங்கும். மணிக்கு மணி அதை அடிக்க ஒரு சேவகன் இருந்தான். தட்டு ஓய்ந்தது. மெட்டில் யாருக்கும் அது உறைக்கவில்லை. வெயிலைப் பார்த்து நேரம் சொல்கிற ஊர் எங்களுடையது. தட்டைக் கழற்றிக் கச்சேரிக்கு அனுப்பினார். சேவகனைக் கீழே அனுப்பினார். அவன் போகிற அன்றைக்கு என் கடை முன்னால் நின்று அழுதான். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஐயா, இந்தாளு அழுகுறது உங்க காதுல விழுகலையா? இது சத்தம் இல்லையா?" என்று கேட்டேன்.

"வேலை போறவன் அழத்தான் செய்வான். அவன் பொண்டாட்டியும் அழுவள். அதைச் சேத்தா கணக்கு கெட்டுப் போயிடும். அவன் வேலையால பலன் கிடைச்சவன் வந்து கத்தட்டும், கேக்கறேன்."

அடுத்து பாதை வளைவில் எரிந்த விளக்கு. அதை நிறுத்தியதுமே வண்டிக்காரர்களும் வியாபாரிகளும் திரண்டு வந்து சாவடி வாசலில் கூச்சல் போட்டார்கள். அவர் எல்லாவற்றையும் நின்று கேட்டார். எவ்வளவு நேரம் கத்தினாலும் கேட்பார். அதில் குறையே சொல்ல முடியாது. பிறகு விளக்கை மறுபடி ஏற்றச் சொல்லிவிட்டு, பெண் கொடுத்த வீட்டில் விருந்து சாப்பிட்டவர் மாதிரி முகமெல்லாம் திருப்தியாகக் கல்லில் வந்து உட்கார்ந்தார்.

எங்கள் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. சாவடியில் கால் ஒடிந்த பெஞ்சு ஒன்று கிடந்தது. யாரும் அதில் உட்கார்ந்ததே இல்லை. அதைத் தூக்கி உள்ளே போட்ட அன்று, வண்டிக்காரர்கள் ஒன்று கூடி ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எங்கள் அப்பன் பாட்டன் எல்லாம் இளைப்பாறினார்கள் என்று ஒருவன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். நிறுத்தய்யாவுக்கு அது பொய் என்று புரிந்துவிட்டது. அன்றிலிருந்து எதை நிறுத்தினாலும் அவர் சொல்வதில்லை. சத்தம் போடாமல் நிறுத்திவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்.

அதன் பிறகு மெட்டில் நிம்மதி போயிற்று. தபால்காரருக்குப் பல்வலி வந்து இரண்டு நாள் வரவில்லை. தபாலை நிறுத்திவிட்டார் என்று கூட்டம் கூடிவிட்டது. நான் அதைத் தொடவே இல்லை என்று நிறுத்தய்யா சொன்னார். எவனும் நம்பவில்லை. என் பசு ஒரு காலையில் காலை உதைத்துக்கொண்டு பால் தரவில்லை, பக்கத்துக் குடிசைக்காரி எட்டிப் பார்த்து, "நிறுத்தய்யா வேலையா இருக்குமோ?" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா, வினையாகச் சொன்னாளா என்று எனக்கே தெரியவில்லை.

பால் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சமையலுக்கு வைத்திருந்த ஆளை நிறுத்திவிட்டு அவரே பொங்கித் தின்றார். பால் மட்டும் என்னிடம் வாங்குவார். ஒரு சல்லி பாக்கி வைக்க மாட்டார். இவரைக் கொஞ்சம் ஆழம் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு துடுக்கு. வேண்டுமென்றே ஒரு காலையில் பால் அனுப்பவில்லை. ஆள் வரவில்லை. மறுநாளும் அனுப்பவில்லை, அன்றும் பேச்சு மூச்சு இல்லை. நானே பொறுக்க முடியாமல் செம்போடு போய் நின்றேன். பாலில்லாத காப்பியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீ நிறுத்திப் பாத்தியாக்கும்?" என்றார். "நான் கத்தலையே. அப்போ நேக்குப் பால் வேண்டாததுதான். நல்ல காரியம் பண்ணினே."

அன்றோடு பால் வாங்குவதையே விட்டுவிட்டார். வலியப் போய் ஒரு வாடிக்கையைத் தொலைத்தாயே என்று என் வீட்டுக்காரர் அபூர்வமாகச் சிரித்தார்.

இன்னொரு நாள் அதே கல்லில் உட்கார்ந்திருந்தவர், யாரும் கேட்காமலே சொன்னார்: "என் தம்பிக்கு மாசாமாசம் கடுதாசி எழுதிண்டிருந்தேன். நிறுத்திப் பாத்தேன். ஏன் எழுதலேன்னு ஒரு வரி வரலை." பிறகு கைக்குடையை விரித்து மடக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே, இதைச் சொல்லி என்னிடமிருந்து என்ன கறக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்த மனுஷனிடம் இரக்கப்படக்கூடப் பயந்தேன்.

வியாபாரி ஒரு தரம் அவரை மடக்கினார். "எல்லாத்தையும் நிறுத்துறீகளே, உங்களையே நிறுத்திப் பாத்தா என்னங்கய்யா? யாரு கத்துறாகன்னு பாப்போமே."

"எழுதிப் போட்டிருக்கேன்," என்றார் அவர். "என் வேலையை ஒரு மாசம் நிறுத்திப் பாக்கலாம்னு மேல எழுதிக் கேட்டேன். பதில் இன்னும் வரலை."

நிஜமாகவே எழுதினாரா என்று மெட்டில் வெகுநாள் பேச்சு நடந்தது. எழுதியிருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு நம்பவில்லை. அவர் சொல்வதில் எதை நம்பலாம் என்று யாருக்கும் தெரியவில்லை. கத்துகிறவர்களின் முகத்தை அவர் மனதில் குறித்துக்கொள்கிறார், எதைக் கேட்டுக் கத்துகிறோமோ அதற்கான செலவை நம் தலையிலேயே வரியாகப் போடப் போகிறார் என்று ஏலக்காட்டுக் கூலிகள் குடியிருந்த லயங்களில் ஒரு பேச்சு கிளம்பிப் பரவியது. வண்டிக்காரர்கள் பயப்படவில்லை. தோட்டத்துக் கூலி ஜனங்கள் பயந்துவிட்டார்கள். கங்காணியிடமே வாய் திறக்காதவர்கள், சர்க்காரிடம் எங்கே திறப்பார்கள்?

நான் அப்போது முழுகாமல் இருந்தேன். முதல் இரண்டு தங்கவில்லை. இது மூன்றாவது. நாங்கள் இருந்த காட்டுக்கெல்லாம் சேர்த்துச் சர்க்கார் சம்பளத்தில் ஒரே ஒரு மருத்துவச்சி. சின்னத்தாயக்கா என்று கூப்பிடுவோம். கம்பம் பக்கத்துக்காரி. மழை, அட்டை, ஆனை எதையும் பார்க்காமல் லயம் லயமாக நடப்பாள். என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இந்தத் தடவ விட மாட்டேன்டி" என்று சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாளை ஓட்டினேன்.

அந்த அக்கா வராமலானாள். ஒரு வாரம் போயிற்று, இன்னும் ஒரு வாரம் போயிற்று. தங்கை வீட்டுக்குப் போயிருப்பாள் என்றாள் ஒருத்தி. காய்ச்சல் என்றாள் இன்னொருத்தி. யாரும் சாவடியில் போய் விசாரிக்கவில்லை. எங்களுக்குள் ஒரு வழக்கம்: வயிற்றில் இருப்பதைப் பற்றி வெளி ஆளிடம் பேசக் கூடாது, கண் பட்டுவிடும். அதுவும் ஆம்பளை, அதுவும் சர்க்கார் ஆள். அவர் முன்னால் போய் மருத்துவச்சியைக் காணோம் என்று எந்தப் பெண் நிற்பாள்? ஆம்பளைகளோ, அது பொம்பளைச் சமாசாரம் என்று ஒதுங்கிவிட்டார்கள். பக்கத்து லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை கொடி சுற்றிப் பிறந்தது. எடுத்துவிட ஆளில்லை. பிள்ளை போய்விட்டது. அதற்கும் யாரும் கத்தவில்லை. வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். சாவடி வழியாகத்தான் போனார்கள்.

பிறகு ஒரு சந்தை நாளில் அக்காவை நேரில் பார்த்தேன். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. "வீட்டுல இருன்னு சொல்லிட்டாகடி," என்றாள். "ஒரு மாசம் பாப்போம்னாக. எவளாச்சும் வந்து கேப்பான்னு வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தியும் வரல. இனிமே சம்பளம் கிடையாதாம்."

எனக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது. அந்த வயிற்றோடு மேடேறி வந்து, தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற நிறுத்தய்யாவை நடுப்பாதையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். வண்டிகள் நின்றன. என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். நான் யாரையும் பார்க்கவில்லை.

"மருத்துவச்சிய நிறுத்துனீகளாமே! ஒரு பச்சப்புள்ளைய இலையில சுத்தி உங்க மூக்குக்கு முன்னால கொண்டுக்கிட்டுப் போனாகளே, அதப் பாத்தீகளா? எனக்கு ரெண்டு போயிருச்சு. இதுவும் போச்சுன்னா உங்க காதுல கேக்குற மாதிரி நான் கத்திக்கிட்டே கிடப்பேன்!"

அவர் முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாக, "இதை ஏன் இத்தனை நாளா ஒருத்தரும் சொல்லலை?" என்றார்.

"வயித்துப் புள்ளையப் பத்தி ஆம்பள ஆபீசருகிட்ட வந்து எவய்யா சொல்லுவா?"

அப்போதுதான் அவர் முகம் மாறி நான் பார்த்தேன். "அப்படீன்னா சொல்லாதது இன்னும் எத்தனை இருக்கும்?" என்று முணுமுணுத்தார். என்னிடம் கேட்கவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அன்றைக்கே ஆள் அனுப்பிச் சின்னத்தாயக்காவைத் திரும்ப வேலையில் வைத்தார். இதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் பேசுவது பொய்யாகிவிடும். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன், கும்பிட விட்டிருந்தால்.

ஆனால் மேலிருந்து அவருக்கு வேறொரு உத்தரவு வந்திருந்தது. மூன்று காவல்காரர்களில் ஒருவரைக் குறைக்க வேண்டும். மூத்தவருக்குத் தீர்வைச் சீட்டு எழுதத் தெரியும், அவரைத் தொட முடியாது. மிச்சம் இரண்டு பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். மற்றவர் எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டே இருப்பார். வருகிற வண்டிக்கெல்லாம் மாமன் மச்சான் உறவு சொல்லுவார். கையில் இருக்கிற குத்தூசியை அவர் மூட்டைக்குள் விட்டு நான் பார்த்ததில்லை. முதுகு சொறியத்தான் வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசியை அடிவரை விட்டு எடுப்பார். வைக்கோல் கட்டைப் பிரிப்பார். என் கடைக்கு வருகிற கிழங்குக் கூடையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். வியாபாரிகள் அவர் தலையைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள்.

சிரிப்புக்காரரை ஒரு வாரம் கீழே ஓடைப் பக்கம் போய் இருக்கச் சொன்னார் நிறுத்தய்யா. இரண்டு நாள் பொறுத்திருந்த வியாபாரிகள் மூன்றாம் நாள் வரிசையாக வந்து நின்றார்கள்.

"தங்கமான மனுசனய்யா அவரு! அவரு இல்லாம இந்த மெட்டே இருண்டு கிடக்கு. ஒரு மூட்டையத் தாண்டிவிட அரை நாளு ஆகுது," என்று போடி வியாபாரி தொண்டை கட்டும்வரை கத்தினார். நிறுத்தய்யா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் சிரிப்புக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு தடுப்புக்கு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "ஐயா, கத்துனவுக யாருன்னு பாத்தீகளா? அவுக எதுக்குக் கத்துறாகன்னு பாத்தீகளா?"

"பாக்க மாட்டேன்," என்றார். "யாரு கத்தறான்னு பாக்க ஆரம்பிச்சா, இவன் நல்லவன், அவன் கெட்டவன்னு நான் ஆளைப் பாத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டிவரும். அப்புறம் நேக்கு வேண்டப்பட்டவன் வேலைல இருப்பன், வேண்டாதவன் போவன். எங்க கச்சேரியெல்லாம் அப்படித்தானே கெட்டது? நேக்குச் சத்தம் மாத்திரம் போதும்."

அவரை அயோக்கியர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். சொல்ல முடியவில்லை. ஒரு காசு கை நீட்டாதவர். ஆனால் அன்றிலிருந்து என் வீட்டுக்காரரை அவர் எப்போது, எப்படி நிறுத்துவார் என்று கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். வேறு இடத்துக்கு அனுப்பினால் அன்றைக்கே தெரிந்துவிடும். பெண்டாட்டி கத்தினால் சேர்த்தி இல்லைதான். ஆனால் சின்னத்தாயக்காவை, லயத்துப் பெண்களை, வியாபாரிக்கு ஆகாத ஒன்றிரண்டு வண்டிக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வந்து நிற்க என்னால் முடியும். மனதுக்குள் யார் யார் என்று தயாராகவே வைத்திருந்தேன். நேர்மையாக இருக்கிறவனுக்கும் சத்தம் வரும் என்று காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

மழை விடாமல் பெய்த ஒரு காலையில் எனக்கு வலி எடுத்தது. சின்னத்தாயக்கா நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாள். உச்சி வேளைக்குள் பெண் பிள்ளை பிறந்தது. மூச்சுவிடத் தாமதித்ததை அக்கா தலைகீழாகத் தூக்கித் தட்டி அழ வைத்தாள். அந்த அழுகையைக் கேட்டதும் நானும் அழுதேன். வெளியே என் வீட்டுக்காரர் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார். தடுப்பில் நின்றவரை நிறுத்தய்யாதான் அனுப்பினாராம். "நீ ஆத்துக்குப் போ. இந்த வாரம் இந்தப் பக்கம் வர வேண்டாம்" என்றாராம்.

எனக்கு அந்த மனுஷன் மேல் இருந்த கசப்பெல்லாம் கரைந்துவிட்டது. கல்நெஞ்சு என்று நினைத்தோமே, பிள்ளை பிறந்த வீடு என்று பார்த்திருக்கிறாரே என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லி ஆறவில்லை. பார்க்க வந்த பெண்களிடமெல்லாம் அவரைப் புகழ்ந்தேன். என் வீட்டுக்காரர் வெந்நீர் போட்டார், பிரசவ மருந்து இடித்தார், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பகலில் வீட்டில் இருந்து நான் பார்த்தது அந்த வாரம்தான். சர்க்காரைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லாமல் நான் தூங்கி எழுந்ததும் அந்த வாரம்தான். போடி வியாபாரி சீனி கொடுத்தனுப்பினார். அவசரப்பட வேண்டாம், காவல்காரர் நன்றாக இருந்துவிட்டே வரட்டும் என்று சொல்லியும் அனுப்பினார். அதைக்கூட நான் நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டேன்.

வாரம் முடிந்த அன்று நிறுத்தய்யா குடிசை வாசலுக்கு வந்தார். உள்ளே வராமல் குடையோடு நின்றார். பிள்ளை சுகமா என்று கேட்டார். பிறகு என் வீட்டுக்காரரிடம், "மாசக் கடைசி வரை சம்பளம் உண்டு. குடிசையைக் காலி பண்ணணும்," என்றார்.

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். எனக்குத்தான் புரியவில்லை. பிள்ளையோடு வாசலுக்கு வந்தேன். "என்னங்கய்யா சொல்றீக?"

"ஒரு வாரம் ஆள் இல்லாம விட்டுப் பாத்தேன். ஒருத்தர்கூட வந்து கேக்கலை."

"புள்ள பெத்த வீடுன்னு இருக்கச் சொன்னீகன்னு நெனச்சோம். அதான் யாரும் கேக்கல!"

"தெரியும்," என்றார். "அதுக்குத்தான் இந்த வாரத்தை எடுத்தேன். வேற வாரமா இருந்தா நீ சும்மா இருப்பியோ? ஊரையே கூட்டிண்டு வந்து கத்தியிருப்பே. உன் சத்தம் பெருசு. அது கணக்கைக் கெடுத்திருக்கும்."

நான் கத்தினேன். பச்சை உடம்பு என்று பார்க்காமல் கத்தினேன். தீர்வை கட்டாத ஏலக்காய் இந்த ஒரு வாரத்தில் எத்தனை மூட்டை தாண்டியது என்று போய்ப் பார், ராஜாவின் கஜானாவில் ஓட்டை போட்டது யார் என்று போய்ப் பார் என்று கத்தினேன். பிள்ளை என்னோடு சேர்ந்து கத்தியது. அவர் கடைசிவரை நின்று கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "வாரம் முடிஞ்சு போச்சே, அம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை அவர் அம்மா என்று கூப்பிட்டது அது ஒரு தரம்தான். அதில் இரக்கம் இருந்ததா, இல்லையா என்று எத்தனையோ வருஷமாக நினைத்துப் பார்த்துவிட்டேன். எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வருஷம் அந்த மெட்டில் தீர்வை வரவு இன்னும் படுத்துவிட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதைச் சரிக்கட்ட இன்னொரு ஆபீசர் வந்தாராம். நிறுத்தய்யா எங்கே போனார், அவர் எழுதிப் போட்டதற்குப் பதில் வந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

நாங்கள் கீழே இறங்கிய அன்று மழை விட்டிருந்தது. சட்டி பானைகளைச் சுமக்க மாடு பிடிக்க வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, போடி வியாபாரியே இரண்டு பொதிமாடு அனுப்பி வைத்தார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தடுப்புக்கு வந்தோம். சிரிப்புக்காரர் மூங்கிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "போங்க மச்சான், போங்க, உங்களுக்கென்ன சோதனை?" என்று பல்லைக் காட்டினார். என் வீட்டுக்காரர் மாட்டை நிறுத்தினார். பொதியை இறக்கினார். ஊரார் மூட்டைகளைச் சோதிக்கிற மாதிரியே ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்து, சட்டிகளைக் கவிழ்த்து, பிள்ளையின் துணிகளைக்கூட உதறிக் காட்டினார். சிரிப்புக்காரர் வேறு பக்கம் பார்த்தார். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் நேரமாகிறது என்று கத்த ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் அவசரப்படாமல் எல்லாவற்றையும் திரும்பக் கட்டினார். நான் பிள்ளையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.